ஜப்பானிய வெந்நீரூற்று விடுதியில் ஓர் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் பயணத்துக்குத் திட்டம் போடுகிற நம்மவர்கள் பலருக்கும் ரியோக்கானில் ஒரு ராத்திரியாவது தங்க ஆசை இருக்கிறது. கூடவே தயக்கமும் இருக்கிறது. துணியில்லாமல் குளிக்க வேண்டுமாமே, சாப்பாடெல்லாம் மீனாமே, விலை அதிகமாமே என்று. வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ரியோக்கான் என்பது பாய் விரித்த அறைகள் கொண்ட பாரம்பரிய விடுதி. ஒன்சென் என்பது வெந்நீரூற்று. இரண்டும் ஒன்றாக இருக்கும் இடங்களைப் பற்றித்தான் பேச்சு.

சாதாரண ஹோட்டலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஹோட்டலில் அறை எடுப்பது ஊர் சுற்றுவதற்காக. ரியோக்கானில் அந்த விடுதியில் இருப்பதற்காகவே போகிறோம். மதியம் போய்ச் சேர்வது, ஒரு குளியல், ராத்திரிச் சாப்பாடு, மறுபடி குளியல், தூக்கம், விடிந்ததும் இன்னொரு குளியல், காலைச் சாப்பாடு. இந்த ஒழுங்குக்குத்தான் காசு கொடுக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்துப்போய் வந்து படுத்து, காலை ஏழுக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்றால் ரியோக்கான் வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஹோட்டல் போதும்.

இந்த வழக்கம் மிகப் பழையது. யமனாஷி மாநிலத்து மலைக்குள் இருக்கும் நிஷியாமா ஒன்சென் கெய்உன்கான் 705-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது.

எவ்வளவு செலவாகும்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரியோக்கானில் விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி. இணையத்தில் 20,000 யென் என்று போட்டிருந்தால் அது தலைக்கா, இருவருக்கா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். நடுத்தரமான இடத்தில் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். அறையிலேயே தனி வெந்நீர்த் தொட்டி உள்ள உயர்தர விடுதி என்றால் 50,000 யென்னையும் தாண்டும். இதுபோக, ஒன்சென் ஊர்களில் குளியல் வரி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 யென்.

சனிக்கிழமை ராத்திரி விலை ஏறும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு ஆகிய மூன்றும் ஜப்பானியர்களே கூட்டமாகக் கிளம்பும் நாட்கள். அப்போது இடமும் கிடைக்காது, விலையும் கட்டுப்படியாகாது. வார நாளில் போனால் அதே அறை கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

பொதுவாக மூன்று மணிக்கு அறை தருவார்கள். மூன்று அல்லது நான்கு மணிக்கே போய்விடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான யோசனை. ராத்திரிச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரை மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு குளியல் முடித்திருந்தால்தான் அந்தச் சாப்பாடு ருசிக்கும். தாமதமாகும் என்று தெரிந்தால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தட்டும் உங்கள் நேரத்துக்கு ஏற்ப அடுப்பிலிருந்து இறங்குகிறது. சொல்லாமல் எட்டு மணிக்குப் போனால் சாப்பாடு கிடைக்காமலும் போகலாம். ராத்திரி கதவைப் பூட்டும் நேரம் வைத்திருக்கும் சின்ன விடுதிகளும் உண்டு.

காலையில் பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் என்னென்ன கவனிக்க வேண்டும்?

செருப்பை வாசலில் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் விடுதியின் ஸ்லிப்பர் தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடைபாதையில் போகலாம். தத்தாமி பாய் தொடங்கும் இடத்தில் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தத்தாமி என்பது நாணல் வகைக் கோரையில் நெய்த தடித்த பாய். சக்கரப் பெட்டியை அதன் மேல் உருட்டினால் கிழியும், தூக்கித்தான் வைக்க வேண்டும். அறையின் ஒரு சுவரில் படச்சுருள் தொங்கி, கீழே ஒரு பூச்சாடி இருக்கும் மாடம் தெரியும். அங்கே பெட்டி வைப்பதோ உட்காருவதோ கூடாது. பூஜை மாடத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்குக் கொடுத்தால் சரியாக இருக்கும்.

கட்டில் எங்கே என்று தேட வேண்டாம். நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் பணியாளர்கள் வந்து மெத்தை விரித்துவிடுவார்கள். அதற்குமுன் மேஜை மேல் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் இருக்கும். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றலாம், அதனால் முதலில் அதைச் சாப்பிடுங்கள்.

நிஜமாகவே துணியில்லாமல்தான் குளிக்க வேண்டுமா?

ஆமாம். பொதுக் குளியலறையில் நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. இருபாலரும் சேர்ந்து குளிக்கும் பழைய இடங்கள் சில இன்னமும் இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட இடம் என்றால் பதிவு செய்யும்போதே தெரிந்துவிடும்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொள்ளும் இடம் அது. முதல் ஐந்து நிமிஷம் கூச்சமாக இருக்கும், அப்புறம் தண்ணீரின் சூடு மட்டும்தான் நினைவில் இருக்கும்.

அப்படியும் முடியாது என்றால் வழிகள் இருக்கின்றன. பல விடுதிகளில் குடும்பக் குளியலறை என்று ஒன்றைத் தனியாக, சுமார் 45 நிமிஷத்துக்கு, வாடகைக்கோ இலவசமாகவோ தருவார்கள். உள்ளே பூட்டிக்கொள்ளலாம். கணவன் மனைவி சேர்ந்து குளிக்க இது நல்ல வழி. கையில் காசு இருந்தால் அறையோடு ஒட்டிய திறந்தவெளித் தொட்டி உள்ள அறையை எடுக்கலாம். பொதுக் குளியலுக்கே போக நினைத்தால் விடிகாலை ஐந்தரை மணிக்குப் போங்கள். அல்லது மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் போங்கள். பெரும்பாலும் தொட்டி முழுவதும் உங்களுக்குத்தான்.

குளிக்கும் முறை என்ன?

இதில் ஒரே ஒரு விதிதான் மாற்ற முடியாதது: உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு, அழுக்குப் போக்க இல்லை.

அறையில் ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டும் இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் துணித்திரை தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் என்பதற்கான எழுத்தின் மேல்பாதி நான்கு கட்டம் போட்ட சதுரமாக இருக்கும். ஒன்று கவனம்: பல விடுதிகளில் ராத்திரியோடு ஆண், பெண் பக்கங்களை மாற்றிவிடுவார்கள், இரண்டு பக்கத்துத் தொட்டிகளையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று போன ஞாபகத்தில் காலையில் அதே கதவைத் திறந்துவிடாதீர்கள்.

உடை மாற்றும் அறையில் கூடை இருக்கும். துணியையும் பெரிய துண்டையும் அதில் வைத்துவிட்டு, சின்னத் துண்டோடு மட்டும் உள்ளே போக வேண்டும். சுவரோரம் வரிசையாகக் குழாயும் சின்ன முக்காலியும் இருக்கும். உட்கார்ந்துகொண்டுதான் குளிக்க வேண்டும், நின்றால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். சோப்பும் ஷாம்பூவும் அங்கேயே இருக்கும். தலையில் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. வைத்திருந்தால் நன்றாக அலசிவிடுங்கள், தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் எல்லோருக்கும் கஷ்டம். நுரை முழுதும் போன பிறகு, இறங்குமுன் தொட்டித் தண்ணீரை மொண்டு காலிலிருந்து மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். சூடு உடம்புக்குப் பழகும்.

தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலை மேல் வைத்துக்கொள்வார்கள், கரையிலும் வைக்கலாம். நீளமான கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நீந்துவது, முங்குவது, செல்பேசி எடுத்துப் போவது எதுவும் கூடாது. முதல் தடவை ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். ஏறி உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். வெளியே வந்ததும் தண்ணீர் குடியுங்கள். குளியலறை வாசலில் கண்ணாடிப் புட்டியில் குளிர்ந்த பால் விற்கும் இடங்கள் உண்டு. அந்த நேரத்தில் அதைவிட ருசியான பானம் கிடையாது.

பச்சை குத்தியிருந்தால் விடமாட்டார்களாமே?

பல இடங்களில் விடமாட்டார்கள். அங்கே குற்றக் கும்பல்களின் அடையாளமாக அது இருந்ததால் வந்த தடை. 2015-இல் ஜப்பான் சுற்றுலாத் துறை எடுத்த கணக்கெடுப்பில் பதில் அளித்த விடுதிகளில் சுமார் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. சுமார் 31 சதவீதம் அனுமதிப்பதாகவும், 13 சதவீதம் மறைத்துக்கொண்டால் சரி என்றும் சொல்லின. நம் பாட்டிமார் கையில் இருக்கும் கோலப் பச்சையும் இதில் அடங்கும் என்பதால், அம்மா, பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சின்னது என்றால் மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் விடும் இடங்களும் உண்டு. மருதாணி பச்சைகுத்தல் அல்ல. ஆனாலும் புதுமணப்பெண் கை நிறைய வைத்திருந்தால், சில நாளில் அழிந்துவிடும் சாயம் என்று கவுன்டரில் சொல்லிவிடுவது நல்லது.

நகையைக் கழற்ற வேண்டுமா?

வெள்ளியைக் கட்டாயம் கழற்றுங்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாமே கந்தகத் தண்ணீரில் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். தங்க நகையிலும் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் மங்கக்கூடும். அறையில் சின்னப் பெட்டகம் இருக்கும், அதில் வைத்துவிட்டுப் போங்கள்.

யுகாத்தா எப்படிக் கட்டுவது?

அறையில் மடித்து வைத்திருக்கும் பருத்தி அங்கி அது. சாப்பிடவும் நடக்கவும் தூங்கவும் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். உடுத்தும்போது இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வரக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் மேலே போட ஒரு குட்டை அங்கியும் தருவார்கள். கினோசாக்கி போன்ற ஊர்களில் சாயங்காலம் தெருவே யுகாத்தாவும் மரச்செருப்புமாக இருக்கும்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம், ஆனால் இதில்தான் அதிக முன்னேற்பாடு வேண்டும்.

ரியோக்கானின் ராத்திரிச் சாப்பாடு கைசெகி எனப்படும். சின்னச் சின்னக் கிண்ணங்களில் பருவத்துக்கேற்ற பதார்த்தங்கள் ஒவ்வொன்றாக வரும். பச்சை மீன் துண்டுகள், சுட்ட மீன், வேகவைத்த காய், உங்கள் முன்னாலேயே கொதிக்கும் ஒரு சட்டி, கடைசியில் சோறும் மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப்பும் ஊறுகாயும். மீனைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடலாமே என்று தோன்றும். முடியாது. ஏனென்றால் காய் வெந்ததும், சூப் செய்ததும், டோஃபு மேல் ஊற்றியதும் பெரும்பாலும் தாஷி என்ற சாற்றில்தான். அது கொம்பு என்ற கடற்பாசியிலும், கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீன் சீவலிலும் செய்வது. யாழ்ப்பாணத்திலும் தென்கடற்கரையிலும் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே மீன் குடும்பம், கிட்டத்தட்ட அதே முறை.

ஆகவே "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. அதைக் கேட்டு மீன்சாற்றில் வேகவைத்த காயை மனமாரச் செய்து தருவார்கள். பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், மீன்சாறு எதுவும் கூடாது, முட்டையும் பாலும் சரியா இல்லையா என்று பட்டியலாக எழுதிக் கேளுங்கள். நேரில் சொல்ல ஒரு வாக்கியம்: "நிக்கு, சகானா, கட்சுவோ தாஷி வா தபெராரெமசென்." இறைச்சி, மீன், சூரைமீன் சாறு சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது, சாமான் எல்லாம் காலையிலேயே வாங்கியாகிவிட்டது.

சில விடுதிகள் முடியாது என்றே பதில் எழுதும். அதை நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுப்பது. விலையும் குறையும். கியூஷூ தீவின் பெப்பு நகரத்தில் கன்னாவா என்ற பகுதி இருக்கிறது. அங்கே பூமியிலிருந்து வரும் நீராவியிலேயே சமைத்துக்கொள்ளும் அடுப்புகள் உள்ள சின்ன விடுதிகள் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளம், பூசணி, முட்டைக்கோஸ் வாங்கி வந்து கூடையில் வைத்தால் சில நிமிஷத்தில் வெந்துவிடும். கையோடு ஒரு பொடி டப்பா இருந்தால் அருமையான சாப்பாடு. பழைய காலத்தில் விவசாயிகள் அறுவடை முடிந்து வாரக்கணக்கில் வந்து தங்கி, தாங்களே சமைத்துக்கொண்டு உடம்பைத் தேற்றிய வழக்கத்தின் மிச்சம் இது. சைவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்சென் ஊர் எனக்குத் தெரியாது.

இன்னொரு வழி ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள கோயாசான் மலை. அங்கே 50-க்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் விருந்தினர்களைத் தங்க வைக்கின்றன. பாய், மெத்தை எல்லாம் ரியோக்கான் போலவே. சாப்பாடு வெங்காயம், பூண்டு கூட இல்லாத மடத்துச் சைவம். பெரும்பாலான மடங்களில் வெந்நீரூற்று இல்லை, சாதாரணப் பொது வெந்நீர்க் குளியல்தான். ஆனாலும் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லாமல் தங்கலாம்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. முன்னாலேயே சொன்னால் மீனாக மாற்றித் தருவார்கள்.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

காய்ச்சல் இருப்பவர்கள், இதய நோய் கடுமையாக இருப்பவர்கள் இறங்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, சூடு குறைந்த தொட்டியில், மார்புக்குக் கீழே தண்ணீர் இருக்கும்படி உட்காரலாம். குடித்துவிட்டு இறங்குவது உண்மையான ஆபத்து. சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஒன்சென் ஆகாது என்று பழைய பலகைகளில் இருக்கும். 2014-இல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பது அங்கே நிலவும் நாகரிகம்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஏழு வயதான பையன் அம்மாவோடு பெண்கள் பக்கம் போக முடியாத இடங்கள்தான் இப்போது அதிகம். டயப்பர் போடும் குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் அனுமதிக்காத விடுதிகளும் உண்டு, குடும்பக் குளியலறை எடுத்துவிடுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு நாற்காலி மேஜையும் கட்டிலும் உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பல பழைய விடுதிகளில் லிஃப்ட் கிடையாது, இதையும் கேட்டுவிட வேண்டும். கழிப்பறை பற்றிக் கவலை வேண்டாம், தண்ணீர் பீய்ச்சும் வசதி பெரும்பாலும் இருக்கும்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

எல்லா இடத்திலும் தண்ணீர் நிஜமான ஊற்றுத் தண்ணீர்தானா?

1948-ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, ஊற்றிலிருந்து வரும்போது தண்ணீர் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது குறித்த அளவு இருக்க வேண்டும். ஆகவே சூடாக்கிய ஊற்றுத் தண்ணீரும் சட்டப்படி ஒன்சென்தான். ஊற்றிலிருந்து நேராக வந்து வழிந்தோடும் தொட்டியா, வடிகட்டிக் குளோரின் போட்டுச் சுற்றவிடும் தொட்டியா என்பதுதான் பார்க்க வேண்டியது. முதல் வகையை "கென்சென் காகெநாகாஷி" என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். உடை மாற்றும் அறைச் சுவரிலும் தண்ணீரின் பகுப்பாய்வுத் தாள் மாட்டியிருக்கும். எனக்கு அறையின் அழகைவிட இதுதான் முக்கியம்.

எந்த ஊருக்குப் போகலாம்?

நேரம் குறைவு, டோக்கியோவிலிருந்து போக வேண்டும் என்றால் ஹாகோனே. அங்கே ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கூட்டம் அதிகம்.

தண்ணீரின் வீரியம் வேண்டும் என்றால் குன்மா மாநிலத்தின் குசாத்சு. ஊர் நடுவில் ஆவி பறக்கக் கொட்டும் ஊற்றும், நீண்ட மரப்பலகைகளால் தண்ணீரைத் துழாவிச் சூட்டைத் தணிக்கும் காட்சியும் பார்க்க வேண்டியவை. தண்ணீர் கடும் அமிலம், கண்ணில் பட்டால் எரியும், மென்மையான தோல் உள்ளவர்கள் கடைசியில் சாதாரணத் தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும். கியோட்டோ, ஒசாகா பக்கம் என்றால், கோபே நகரத்துக்குப் பின்னால் உள்ள அரிமா. இரும்பும் உப்பும் கலந்த செம்பழுப்புத் தண்ணீர்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் தேர்வு கினோசாக்கி. கியோட்டோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஊருக்குப் பொதுவான ஏழு குளியல் வீடுகள் உண்டு, விடுதியில் தங்குகிறவர்களுக்கு அவற்றுக்கான அனுமதிச் சீட்டு இலவசம். பச்சை குத்தியவர்களுக்கும் அங்கே தடையில்லை. வில்லோ மரங்கள் நிற்கும் கால்வாயோரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம். தெருவில் காலை மட்டும் நனைக்கும் இலவசத் தொட்டிகளும் இருப்பதால், கூச்சம் விடாதவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நண்டுப் பருவம், விலை ஏறும். சைவர்கள் வேறு மாதத்தில் போனால் லாபம்.

பெரிய பெட்டிகளை என்ன செய்வது?

இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தங்கியிருக்கும் ஹோட்டலின் கவுன்டரிலேயே தக்யூபின் கூரியரில் போட்டால், பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் போய்விடும். ஒரு தோள்பையோடு ரியோக்கானுக்குப் போகலாம். சோப்பு, துண்டு, இரவு உடை, பல்துலக்கி எல்லாம் அங்கேயே இருக்கும். மாற்றுத் துணி ஒன்று, மருந்து, கொஞ்சம் ரொக்கம் போதும். சின்ன விடுதிகளில் கார்டு வாங்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

கடைசி நேரத்தில் போக முடியாமல் போனால்?

நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். சொல்லாமல் போகாமல் விட்டால் பெரும்பாலும் முழுத் தொகையும் போய்விடும். விதியைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். ரயில் நின்றுபோய்த் தாமதம் என்றால் நிலையத்திலிருந்தே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் நிலைய ஊழியரிடமோ பயணத் தகவல் மையத்திலோ விடுதியின் எண்ணைக் காட்டி உதவி கேட்கலாம்.